கடைசி வீட்டுத் தண்ணீர்

ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று யாராவது கூப்பிட்டால், உங்களில் பாதிப் பேர் வேனில் ஏறும்போதே ஒரு பம்புப் பெட்டியையும் ஏற்றிக்கொள்கிறீர்கள். நான் பார்த்திருக்கிறேன். குற்றம் சொல்லவில்லை, ஈப்போ வெயிலில் ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை அலைவது யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் பைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கடையில் கேட்டபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நான் பம்பு மாட்டாமல் திரும்பி வந்த ஒரு வீடுதான்.

பைப்பை எப்படி அறுப்பது, டேப்பை எப்படிச் சுற்றுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை உங்கள் கைபேசியிலேயே ஆயிரம் பேர் செய்து காட்டுகிறார்கள், என்னைவிட நன்றாகவே காட்டுகிறார்கள். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டு நடுவில் நிற்கும்போது, ஆளுக்கு ஒன்று சொல்லும்போது, யார் பேச்சைக் கேட்பது? அதை எவனும் காட்டவில்லை. எனக்குத் தெரிந்த அளவில் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு வேலை பழக்கிய சீன முதலாளி, எங்கள் தௌக்கே, எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு கோப்பி வாங்கிக் குடிப்பார். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குவார். மனுசனுக்குக் கோப்பி வெறி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். டூல்பாக்ஸைத் திறந்துவிட்டால் வீட்டுக்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், கோப்பி கலக்கும்போதுதான் நடந்ததைச் சொல்வார்கள் என்று அவர் ஒருநாள் போகிற போக்கில் சொன்னார். அதன்பிறகு நானும் கோப்பி குடிப்பவனாகிவிட்டேன். சர்க்கரை வியாதி வந்ததற்கு அவரையும் கொஞ்சம் திட்டிக்கொள்வேன்.

சரி, அந்த வீட்டுக்கு வருகிறேன். கோப்பெங் பக்கம், சுண்ணாம்பு மலை தெரிகிற மாதிரி ஒரு சின்னத் தாமான் குடியிருப்பு. ரப்பர்த் தோட்டம் கைமாறியபோது அங்கே மரத்தில் பால் வெட்டிய குடும்பங்களுக்குக் கட்டிக்கொடுத்த மலிவு வீடுகள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள், இங்கேயும் அதே வரிசையில் குடிவந்தார்கள். வீட்டுக்கு மேலே தண்ணீர்த் தொட்டியெல்லாம் கிடையாது. ரோட்டுப் பைப்பிலிருந்து நேராகக் குளியலறைக்கு வரும்.

என்னைக் கூப்பிட்டது அந்த வரிசையின் முதல் வீட்டுப் பையன், குணா. பையன் என்று நான் சொன்னாலும் நாற்பதைத் தொட்டவன். ஜொகூரில் குடியிருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். அப்பா வேலாயுதத்துக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். குளிப்பாட்டுவதற்கென்று ஹீட்டரும் ஷவரும் வைத்துக் கொடுத்தால், தண்ணீர் வேகமில்லாமல் ஹீட்டர் சூடேறவே மாட்டேன் என்கிறது. அம்மா அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் காரை ஓட்டிக்கொண்டே ஃபோனில் சொன்னான். ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு இடம் சொல்லிவைத்திருந்தான். அன்று சாயங்காலம் கூட்டிப்போக ஜொகூரிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தான்.

“அம்மா சுடுதண்ணி தூக்காம அப்பாவக் குளிப்பாட்ட முடியும்னா அவரு வூட்லயே இருக்கட்டும் அண்ணே. நான் ஒண்ணும் வேண்டாங்கல. முடியாதுன்னா இன்னிக்கு நான் கூட்டிட்டுத்தான் போவேன். அம்மா இன்னொரு தடவ விழுந்தா நான் ரெண்டு பேரையும் பாக்கணும்” என்றான். நல்ல பம்பு ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன், வீட்டில் இருக்கிறது, மாட்டிவிட்டால் போதும் என்றான்.

அவன் பேச்சில் கோபம் இருந்தது, ஆனால் யார் மேலும் இல்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு வருகிற கோபம் அது. எனக்கும் ஒரு பையன் கோலாலம்பூரில் இருக்கிறான், அதனால் தெரியும்.

நான் போனபோது மதியம். கூடத்தில் சக்கர நாற்காலியில், கிரில் கதவைப் பார்த்தபடி வேலாயுதம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு பயணப்பை, ஜிப் போட்டு மூடித் தயாராக இருந்தது. பம்புப் பெட்டி சோபா மேல் இருந்தது. சரோஜா அக்கா கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, “வாங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, பையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். என் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

ஷவரைத் திறந்து பார்த்தேன். குணா சொன்னது சரிதான். சுவரை நனைப்பதற்குக்கூட அந்தத் தண்ணீர் காணாது. ஷவர் தலையைக் கழற்றினால் வெள்ளை வெள்ளையாகக் கல் பிடித்திருந்தது. சுத்தம் செய்து மாட்டினேன், ஹீட்டர் வாயில் இருந்த சல்லடையையும் அலசினேன். துளி முன்னேற்றம், அவ்வளவுதான். ஹீட்டர் விளக்கு எரியவில்லை. அடுப்படிக் குழாயைத் திறந்தால் அங்கேயும் அதே கதை. அப்படியென்றால் கோளாறு குளியலறையில் இல்லை, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது.

நான் வேலை செய்துகொண்டிருந்தபோது வேலாயுதம் அண்ணன் இடக்கையை நீட்டி வெளியே காட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் நிமிர்ந்தேன்.

“அதப் பாக்காதீங்க தம்பி” என்றார் அக்கா. “ஷவரத் தொறந்தாலே அப்படித்தான். கத்துவாரு, செவுத்துல அடிப்பாரு, வெளிய கையக் காட்டுவாரு. குளிக்கப் புடிக்கல, வெளிய போவணும்னு கேக்கறாருன்னு தள்ளிட்டுப் போயி வேப்பமரத்தடில வுட்டா, அங்க இன்னும் கோவம் வருது.” சொல்லும்போதே அவர் குரல் தளர்ந்துவிட்டது. எத்தனை நாள் அந்தப் போராட்டமோ.

வாசலில் மீட்டர் பெட்டிக்குப் போனேன். மீட்டருக்குப் பிறகு வீட்டுக்காரரின் வால்வு ஒன்று இருக்கும், உங்களுக்குத் தெரியும். அது ஏறக்குறைய மூடிக் கிடந்தது. அதைவிட ஆச்சரியம், அதன் கைப்பிடியோடு பைப்பைச் சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. துருப்பிடித்த பழைய கம்பி. யாரோ சின்னப் பிள்ளைகள் திருகிவிடக் கூடாது என்று கட்டியதுபோல இருந்தது. இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பே வந்தது. கட்டர் எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

“தம்பி, அத மட்டும் தொடாதீங்க.”

அக்கா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டபிறகு எந்தப் பைப்புக்காரனும் கட்டரை எடுக்க மாட்டான். நான் எழுந்து, ஒரு கோப்பி கிடைக்குமா அக்கா என்று கேட்டேன்.

ஒற்றைக் கையால் கோப்பி கலக்கிக்கொண்டே அவர் சொன்ன கதை இது. இங்கே குடிவந்த புதிதில் இந்த வரிசை முழுவதற்கும் ஒரே ஒரு சின்னப் பைப்புதான் போட்டிருந்தார்கள். முன்வீடுகளில் தண்ணீர் கொட்டும், போகப் போகக் குறையும், மேட்டில் இருக்கிற கடைசி வீட்டுக்குச் சொட்டும் போகாது. கடைசி வீட்டில் அமிர்தம். புருசனைப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு வந்தவர். யாரிடமும் வாயைத் திறந்து கேட்க மாட்டார். தண்ணீர் வருகிறதா என்று கேட்டால், வருதே என்பார். ஒருநாள் விடிகிறதற்கு முன்னால் கோயில் குழாயிலிருந்து அவர் வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டு போவதை வேலாயுதம் அண்ணன் பார்த்துவிட்டார்.

அன்றைக்கே கம்பிச் சுருளும் குறடுமாக வாசல் வாசலாகப் போனார். முதலில் தன் வீட்டு வால்வைக் குறைத்துக் கட்டினார். பிறகு வரிசையாக எல்லா வீட்டிலும். சிலர் முறைத்தார்கள், ஒருத்தர் சண்டைக்கே வந்தார். தோட்டத்தில் ஒரே குழாயில் எல்லாரும் பிடித்தோமே, அங்கே ஒருத்தன் வாளி நிறைகிற வரைக்கும் மற்றவன் நிற்கவில்லையா என்று அண்ணன் கேட்டாராம். அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போனது. அமிர்தம் வீட்டு வால்வு மட்டும்தான் கம்பியில்லாத வால்வு.

ரோட்டைத் தோண்டிப் பெரிய பைப்புப் போட்டுப் பல வருசமாகிவிட்டதே அக்கா என்றேன். வரும்போதே பார்த்திருந்தேன், தார் ஒட்டுப் போட்ட தடம் நீளமாக இருந்தது. இனிமேல் எல்லா வீடும் முழுக்கத் திறந்தாலும் கடைசி வீட்டுக்குக் குறையாது என்று விளக்கினேன்.

“அமிர்தம் வூட்ல இன்னிக்கு வரைக்கும் தண்ணி நிக்கல தம்பி. போயி பாருங்க, அவ பையன் காடியெல்லாம் கழுவறான்” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை. இந்த வரிசையே கட்டுப்பாடாக இருப்பதால்தான் அங்கே கொட்டுகிறது என்று அத்தனை பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பெரிய பைப்பு வந்த பிறகு தண்ணீர் இன்னும் நன்றாக வந்தது, அதனால் நம்பிக்கை இன்னும் கெட்டியாகிவிட்டது. தோட்டத்து லயத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். எனக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை.

நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் என்று அக்காவும் ஒத்துக்கொண்டார். ஆனால் வால்வுக்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

“கட்டுனது அவரு. இந்த வரிசையே அவரு பேச்சக் கேட்டுச்சு. இப்ப வாய் பேச முடியாம ஒக்காந்திருக்காரு. அதுக்காக நானே அவுத்து வுட்டா, அவரு இல்லன்னே ஆயிடும்ல தம்பி.”

கோப்பி டம்ளரைக் கழுவி வைக்கிறேன் என்று எழுந்தேன்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். சாயங்காலம் பிள்ளை வந்துவிடுவான். பை தயாராக இருக்கிறது. என் முன்னால் இரண்டு வழி. ஒன்று, சோபா மேல் இருக்கிற பம்பு. அதை நேராக ரோட்டுப் பைப்பில் மாட்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. மாட்டினால் அக்கம்பக்கத்துத் தண்ணீரையெல்லாம் அது உறிஞ்சும். வேலாயுதம் அண்ணன் கம்பி கட்டியதே அந்த உறிஞ்சலைத் தடுக்கத்தான். இன்னொன்று, அக்கா அடுப்படியில் இருக்கும்போது சத்தமில்லாமல் கம்பியை வெட்டி வால்வைத் திருகிவிட்டு, ஷவர் தலையில்தான் அடைப்பு என்று சொல்லிவிட்டுப் போவது. இது நடக்கிற காரியம். யாருக்கும் கெடுதல் இல்லை. உங்களில் பலர் இதைத்தான் செய்வீர்கள், நானும் அதைச் செய்யத்தான் வாசலுக்குப் போனேன்.

கட்டரைக் கையில் எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். கிரிலுக்குப் பின்னால் வேலாயுதம் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் போன மனுசனுக்குக் கண் போகவில்லை. அந்த இடக்கை மறுபடி எழுந்தது. நான் அதை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். கை வேப்பமரத்தைக் காட்டவில்லை. வீதியையும் காட்டவில்லை. சுவரைத் தாண்டி, வரிசையின் மேட்டுப் பக்கமாக நீண்டிருந்தது.

உள்ளே போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு கேட்கிற கேள்வி இல்லை அது.

“அண்ணே, கடைசி வூட்டக் கேக்கறீங்களா? இங்கயே தண்ணி இப்படி வருதே, அமிர்தத்துக்கு என்னா ஆச்சுன்னு கேக்கறீங்களா?”

கை இறங்கியது. மடியில் விழுந்து அப்படியே கிடந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அடுப்படி வாசலில் நின்ற சரோஜா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இத்தனை மாதமும் குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததாக நினைத்த மனுசன், கடைசி வீட்டுக்குப் போய்ப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

தண்ணீர் ஏன் வரவில்லை என்று பைப்பைக் கேட்போம், மீட்டரைக் கேட்போம், ஃபோனில் பேசிய பிள்ளையைக் கேட்போம். குளிக்கிறவரைக் கேட்க மறந்துவிடுகிறோம். அவர் பேச முடியாதவர் என்றால் சுத்தமாக மறந்துவிடுகிறோம். அன்றைக்கு நான் கேட்டது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அதனால் திருட்டுத்தனமாகக் கம்பியை வெட்ட என் கை கூசியது, அவ்வளவுதான்.

கடைசி வீட்டுக்கு நடந்து போனேன். அமிர்தம் அக்காவின் பையன் ஒரு காரை நுரைபொங்கக் கழுவிக்கொண்டிருந்தான். ஹோஸ் பைப்பில் தண்ணீர் எதிர்ச்சுவர் வரைக்கும் பீய்ச்சியது. வார இறுதியில் கார் கழுவிக் கொடுப்பது அவனுக்கு உபதொழில். நான் விசயத்தைச் சொன்னதும் அமிர்தம் அக்கா அப்படியே நின்றுவிட்டார். பெரிய பைப்பு வந்த அன்றைக்கே எல்லாரும் கம்பியை அவிழ்த்திருப்பார்கள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பையனைத் தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் முதல் வீட்டுக்கு ஓடிவந்தார்.

“அண்ணே, எங்க வூட்ல தண்ணி நல்லா வருது. நீங்க தொறங்க” என்றார்.

வேலாயுதம் அண்ணன் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நான் குழம்பினேன். அழுதுகொண்டிருந்த சரோஜா அக்காவுக்குத்தான் சட்டென்று சிரிப்பு வந்தது. “அப்பவும் இதத்தானே சொன்னா இவ. கோயில்ல தண்ணி தூக்கிக்கிட்டு வந்து, வருதே வருதேன்னு. இவ பேச்ச அவரு நம்பமாட்டாரு தம்பி.”

அந்த நேரத்தில்தான் குணா வந்து சேர்ந்தான். காரை நிறுத்தும்போதே அவன் முகம் சரியில்லை. பம்பு பெட்டியிலேயே இருக்கிறது, அப்பா அழுதிருக்கிறார், அம்மா அழுதிருக்கிறார், பைப்புக்காரன் வேலை செய்யாமல் நிற்கிறான். எவனுக்கும் கோபம் வரும். நான் வாசலுக்குக் கூட்டிப்போய்க் கம்பியைக் காட்டினேன். அவன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான்.

“இந்தக் கம்பிச் சுருளத் தூக்கிக்கிட்டு அவரு பின்னால போனது நான்தான் அண்ணே. ஸ்கூல் படிச்சுக்கிட்டிருந்தேன்” என்றான். வால்வு என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றான். அவன் நினைப்பதற்கு எங்கே நேரம்? பாலத்திலேயே பாதி வாழ்க்கை போகிறது.

கண்ணால் பார்க்காமல் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்துவிட்டது. குணா நாற்காலியைத் தள்ள, கடைசி வீட்டுக்குப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வெளியே வந்தார்கள். வீட்டோடு அடைந்துகிடந்த அண்ணனை வெயிலில் பார்த்ததும், எங்கே கூட்டிப்போகிறார்கள் என்று எல்லாருக்கும் பயம். முதியோர் இல்ல விசயம் ஊருக்கே தெரிந்திருந்தது. அமிர்தம் அக்கா நடந்துகொண்டே விசயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லச் சொல்லப் பின்னால் கூட்டம் சேர்ந்தது.

அமிர்தம் வீட்டு வாசல் குழாய்க்கு அடியில் அவர் இடக்கையை வைத்தோம். குழாயைத் திறந்தேன். தண்ணீர் உள்ளங்கையில் விழுந்து தெறித்தது. இனி கீழே போய் உங்கள் வீட்டு வால்வைத் திறக்கிறேன், குறைகிறதா என்று பாருங்கள் அண்ணே என்றேன். அவர் கையை வெடுக்கென்று இழுத்து நாற்காலியில் அடித்தார். பிறகு பக்கத்து வீட்டைக் காட்டினார். அதற்கடுத்த வீட்டைக் காட்டினார். அப்படியே விரலை வரிசை முழுக்க நகர்த்திக்கொண்டு போய், தன் வீட்டில் நிறுத்தினார்.

“மொதல்ல மத்தவுங்க வூடு. அவரு வூடு கடைசிங்கறாரு” என்றார் சரோஜா அக்கா. கட்டும்போது முதலில் கட்டியவர் அவிழ்க்கும்போது கடைசியாகத்தான் அவிழ்ப்பார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது.

கடைசி வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஆரம்பித்தோம். குணா குறடால் கம்பியை அவிழ்ப்பான், நான் எண்ணெய் விட்டு, தட்டி, மெதுவாகத் திருகுவேன். அந்த வீட்டுக் குழாய்களையெல்லாம் முழுக்கத் திறக்கச் சொல்லுவோம். வாசலில் நிற்பவர்கள் ஒருத்தருக்கொருத்தர் குரல் கொடுப்பார்கள்: தொறந்தாச்சு. கடைசி வீட்டிலிருந்து அமிர்தம் அக்காவின் குரல் அதே வழியாகத் திரும்பி வரும்: வருது, கொறையல. அண்ணன் தலையசைத்த பிறகுதான் அவர் அந்தக் குரல் கொடுப்பார். அவர் தலையசைக்காமல் நாங்கள் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை.

நடுவில் ஒரு வால்வு மாட்டிக்கொண்டது. கொஞ்சம் பலம் கொடுத்தால் திரும்பியிருக்கும், அல்லது தண்டு முறிந்து அந்த வீட்டுக்கு அன்றைக்கு இருக்கிற தண்ணீரும் போயிருக்கும். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நமக்கு வீரம் வரும், ஜாக்கிரதை. நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கடைசி வீட்டுக்கு நடந்து போய், நாளைக்குப் புது வால்வு போட்டுத் தருகிறேன் அண்ணே, இதை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டேன். அவர் அந்த வீட்டு அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா சரி என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தலையசைத்தார்.

முதல் வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. அந்தக் கம்பியை அவிழ்க்கக் குணாவுக்குக் கை வரவில்லை. குறடை வைப்பான், எடுப்பான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவிழ்த்தான், அவிழ்த்த கம்பியைத் தூக்கிப் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நான் வால்வைத் திருகினேன். தொறந்தாச்சு என்று குணாவே கத்தினான். குரல் வாசல் வாசலாகப் போனது. பதில் வர எப்போதையும்விட நேரமானது.

பிறகு வந்தது. வருது, கொறையல.

சாயங்காலம் அப்பாவைக் குணாவே குளிப்பாட்டினான். நான் ஹீட்டரைப் பார்க்க வேண்டும் என்ற சாக்கில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஹீட்டர் விளக்கு எரிந்தது. தரையில் தண்ணீர் விழுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. சரோஜா அக்கா குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, காதுக்குள்ள போவாம பாரு, முதுகத் தேய், என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுவரில் யாரும் அடிக்கவில்லை. சூடு சரியா இருக்காப்பா என்று குணா கேட்பது காதில் விழுந்தது. பதிலாக ஒரு சத்தம் வந்தது, முன்னால் கேட்ட சத்தம் இல்லை.

மாற்றுத் துணிக்கு அக்கா அலமாரியைத் திறந்தார். அது காலியாக இருந்தது. எல்லாம் பைக்குள் இருந்தது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்தில் நின்றார். ஈரச் சட்டையோடு வெளியே வந்த குணா பையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். குனிந்து ஜிப்பைத் திறந்து, மேலாக இருந்த கைலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

பையை அவன் மூடவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் மற்றத் துணிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கத் தொடங்கினார். நான் பம்புப் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தேன், கடையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லிக் குணா கேட்டிருந்தான்.